என் இரத்தம் கூடிப்போன வருத்தம்

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையெழுத்துப் போடவும் கோயிலில் பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுக்கவும்தான். நாள், திகதி, மருந்தின் பேர் ஒன்றும் தலைக்குள் நிற்பதில்லை. எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்று மகள் ஜெனிற்றாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இரத்தக் கிளினிக்கில் இருக்கிற நேர்ஸ் மிஸ் ஒருவர்தான் கேட்டார். "அம்மா, உங்களுக்கு வந்த வருத்தத்தோட புதுசா வாற ஆக்கள் பயந்துபோய் இருக்கினம். நீங்கள் பட்டதை எழுதித் தாங்கோ, வாசிக்கக் குடுப்பம்" என்றார். நாலு பேருக்கு முன் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். வந்து பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதச் சொன்னபடியால் ஓம் என்றுவிட்டேன்.

எங்கள் வீடு தலைமன்னாரில், கரைக்குக் கிட்ட. என் வீட்டுக்காரர் சூசை கடல் தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் விடிந்தால் கரைக்குப் போகாமல் இருக்கமாட்டார். நான் வலையில் மீன் கழற்றவும் கருவாடு காயப்போடவும் போய்வருவேன். மகள் கலியாணம் செய்து அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா.

இந்த நோய் வருத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் குளித்துவிட்டு வந்தால் உடம்பு முழுக்க ஊசி குத்துவது போல ஒரு கடி. தோலில் ஒன்றும் இருக்காது, சொறிந்தால் நிற்காது. கிணற்றுத் தண்ணீர் உவர், அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு தலையிடி. முகம் செந்தளித்துப்போய் இருந்தது. கருவாட்டு வாடியில் என்னோடு நிற்கிற பெண்கள் விடமாட்டார்கள். "என்ன அக்கா, முகம் செவ்வரத்தம்பூ மாதிரிக் கிடக்கு. கிழவனுக்கு இந்த வயசில என்ன குணம் வந்தது?" என்று பகிடி பண்ணுவார்கள். நான் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடுவேன். அது இன்னும் சிவக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் நான் நல்ல சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு வலது கால் பெருவிரல் எரியத் தொடங்கியது. சாதாரண எரிவு இல்லை. தணலை மிதித்தது போல. விரல் சிவந்து வீங்கியிருந்தது. அன்றைக்கு நான் வலையில் மீன் கழற்றிவிட்டு வந்திருந்தேன். இவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"திருக்கை முள்ளுத்தான் கீறியிருக்கு" என்றார்.

"காயம் ஒண்டும் இல்லையே."

"காயம் தெரியாது. நீ பேசாம இரு, தண்ணி கொதிக்க வைக்கிறன்."

கடற்கரைச் சனங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கை முள்ளோ கெழுத்தி முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீரை எடுத்து அதற்குள் காலை வைத்திருப்போம். சூட்டுக்கு விஷம் முறியும். அது சரியான வைத்தியம் என்று டொக்டர்மாரும் சொல்கிறார்கள். எனக்கு முள் குத்தவில்லை என்பதுதான் பிழை.

இவர் சட்டிக்குள் தண்ணீரை ஊற்றிக் காலை வைத்தவுடன் நான் கத்தின கத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "சூடு காணாது போல" என்று இவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பாவம், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். கடைசியில் நானே கண்டுபிடித்தேன், குடத்தடியில் ஈரச் சீமெந்துத் தரையில் காலை வைத்தால் எரிவு அடங்கும் என்று. இவர் கரைக்குப் போன பிறகு குடத்தடியில் போய்க் குந்தியிருப்பேன். அப்படி இருந்ததைத்தான் ஒரு நாள் ஜெனிற்றா கண்டா. விரல் நுனி அப்போது கறுத்திருந்தது.

"அம்மா! இது முள்ளும் இல்லை, கிள்ளும் இல்லை. எழும்புங்கோ ஆஸ்பத்திரிக்கு" என்று கரையில் நின்ற இவரையும் கூப்பிட்டு வாகனம் பிடித்துவிட்டா.

மன்னாரில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எடுக்கும்போதே அது கறுத்து, பனம்பாணி மாதிரி மெதுவாகத்தான் வந்தது. சோதித்தவர்கள் திரும்பவும் எடுக்கச் சொன்னார்கள். பிறகு டொக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு இருத்தி, "அம்மாவுக்கு இரத்தம் கூட" என்றார்.

இவருக்குச் சந்தோஷம். "கூடவோ? அப்ப நல்லதுதானே டொக்டர்!"

எங்கள் சனங்கள் எல்லாருக்கும் அந்த நினைப்புத்தான். இரத்தம் குறைந்தால் வருத்தம், கூடினால் பலம். கூடினாலும் வருத்தம் என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இரத்த வருத்தங்களைப் பார்க்கிற டொக்டர் அங்கே ஒரு பொம்பிளைப் பிள்ளை, என் மகளை விட வயது குறைவு. நான் மனதுக்குள் டொக்டர் பிள்ளை என்றுதான் சொல்வேன். விடியப் புறப்பட்டு, பூநகரிப் பாதையால் பஸ்ஸில் போய், வாங்கில் வரிசையாக இருக்கவேண்டும். ஜெனிற்றா பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவா. அந்த வாங்கில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இரத்தத்தில்தான் ஏதோ வருத்தம், ஆனால் ஆளைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பாணைப் பிய்த்துச் சாப்பிடவும் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஜெனிற்றா முந்தானையால் மறைத்துப் பிடிப்பா.

டொக்டர் பிள்ளை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். எலும்புக்குள் மச்சை என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இரத்தத்தை உண்டாக்குகிற இடம். உடம்புக்குப் போதும் என்றதும் அது நிறுத்தவேண்டும். என் மச்சைக்கு நிறுத்தத் தெரியவில்லை, இரத்தத்தைச் சிவப்பாக்குகிற செங்குழியங்களை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் இரத்தம் தடித்து, சின்னச் சின்ன நரம்புகளில் ஓடமாட்டாமல் நிற்கிறது. கால்விரல் எரிவதும் கறுப்பதும் அதனால். குளித்த பிறகு கடிப்பதும் அதனால்.

இவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இறங்குதுறையில வள்ளம் எல்லாம் நெருங்கி நிண்டால் ஒண்டும் வெளிய போகேலாது. அப்படித்தானே டொக்டர்?" என்றார்.

"அதேதான் ஐயா. கொஞ்ச வள்ளத்தை அப்புறப்படுத்தவேணும்."

நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்று ஒரு கணக்குப் பார்ப்பார்கள். அது நாற்பத்தைந்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஏன் நாற்பத்தைந்து என்று ஜெனிற்றா கேட்டா. இந்த வருத்தக்காரர் கன பேரை வைத்து ஆராய்ச்சி செய்து பார்த்தார்களாம், அதற்குக் கீழே வைத்திருந்தவர்களுக்கு இரத்தம் கட்டிபடுவது குறைவாக இருந்ததாம். எனக்கு அறுபதுக்கு மேலே நின்றது.

"இறங்காட்டி என்ன நடக்கும்?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

டொக்டர் பிள்ளை ஒளிக்கவில்லை. விரலை எடுக்கவேண்டி வரலாம். கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம், நெஞ்சுக்குப் போனால் மாரடைப்பு. "அதுக்கு முன்னம் இறக்குவம் அம்மா" என்று என் கையில் தட்டினார்.

வயிற்றை ஸ்கான் பண்ணி மண்ணீரல் பெரிதாகி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி விட்டு மச்சை எடுத்தார்கள். விறைக்க மருந்து போட்டாலும், உறிஞ்சி எடுக்கிற நேரம் கால் வரைக்கும் ஒரு இழுப்பு இழுக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஊசியை விடச் சீலையை இறக்குவதுதான் பயமாக இருந்தது. மிஸ் ஒருவர் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, ஊசி குத்துகிற இடத்தை மட்டும் விட்டு, மற்றதெல்லாம் மூடி, துணியின் ஓரத்தை என் கையிலேயே பிடிக்கத் தந்தார். அந்தப் பிள்ளைக்காக நான் இன்றைக்கும் செபமாலையில் ஒரு மணி சொல்கிறேன்.

பிறகு ஒரு பரிசோதனைக்காக இரத்தம் கொழும்புக்குப் போனது. உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இன்னது செய் என்று சொல்கிற ஜீன் என்ற ஒன்று இருக்கிறதாம். இந்த வருத்தக்காரரில் அநேகம் பேருக்கு அதில் ஒரு இடம் மாறிப்போய் இருக்குமாம். அது பிறக்கும்போது வந்தது இல்லை, வாழ்கிற காலத்தில் எப்போதோ தானாக மாறியது.

"அப்ப இது கான்சரா?" என்று ஜெனிற்றா கேட்டா.

"இரத்தத்தில வாற மெதுவான புற்றுநோய்ச் சாதி எண்டு சொல்லலாம். ஆனா ஒழுங்கா மருந்து எடுத்தால் கன காலம் இருக்கலாம். உங்களுக்கோ பிள்ளையளுக்கோ அம்மாட்டையிருந்து ஒட்டாது."

மகளுக்கு வராது என்று கேட்டவுடன் என் பயத்தில் பாதி போய்விட்டது. மற்றப் பாதியை வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன்.

இரத்தத்தை இறக்குகிற வைத்தியம் மிகவும் பழைய வைத்தியம்தான். இரத்தத்தை எடுத்துவிடுவது. இரத்ததானம் கொடுப்பது போலவே கட்டிலில் படுக்கவைத்து ஒரு பை நிறைய எடுப்பார்கள். ஆனால் அந்த இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றக்கூடாது, வீசிவிடுவார்கள். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எங்கள் கோயில் பங்கில் யாருக்கும் சத்திரசிகிச்சை என்றால் இரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடுவோம். நான் ஒரு பையை வீணாக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

"இதில ஒரு சொட்டும் ஒருத்தருக்கும் உதவாதோ?" என்று கேட்டேன்.

டொக்டர் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வருத்தத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, நீங்கள் விரும்பினால் அதற்கு ஒரு சின்னக் குழாயில் எடுக்கலாம் என்றார். அதனால் எனக்கு நேரே ஒரு பிரயோசனமும் இல்லை, விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம், வேண்டாம் என்றாலும் வைத்தியம் ஒன்றும் குறையாது என்று இரண்டு தரம் சொன்னார். "பின்னுக்கு வாற ஆக்களுக்குப் பிரயோசனப்படுமோ?" என்று கேட்டேன். படலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு அவ்வளவு மனவருத்தம் இல்லை.

இவருக்குத்தான் தாங்கவில்லை. பையில் இரத்தம் இறங்குவதைக் கண்டவுடன் வெளியே போய்விட்டார். கடலில் என்னவெல்லாமோ கண்ட மனிசன், விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதாக ஜெனிற்றா சொன்னா. அந்த நேரத்தில்தான் டொக்டர் பிள்ளை எங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம், ஆனால் இரும்புச்சத்துக் குளிசையோ மருந்தோ எடுக்கவே கூடாது. இரத்தம் உண்டாக இரும்பு வேண்டும். இரத்தத்தை எடுக்க எடுக்க உடம்பில் இரும்பு குறையும், குறைந்தால் மச்சை தானாக அடங்கும். நாங்கள் இருவரும் கேட்டோம். இவர் வெளியே நின்றார். வீட்டுக்கு வந்து அதை இவருக்குச் சொல்லவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. குளிசை வாங்குவது ஜெனிற்றா, விழுங்குவது நான், இவருக்கு அதில் என்ன வேலை என்று இருந்துவிட்டோம்.

அஸ்பிரின் குளிசை தொடங்கினவுடன் கால் எரிவு நின்றுவிட்டது. கன நாளுக்குப் பிறகு செருப்புப் போட்டேன்.

வீட்டில் இவர் புது மனிசன் ஆனார். காலையில் எழும்பி, பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் அடித்து, இஞ்சி போட்டு, பனங்கட்டி கரைத்து ஒரு கோப்பை கொண்டுவந்து தருவார். தேத்தண்ணிக்குச் சீனி போடத் தெரியாத மனிசன்!

"இஞ்சேர், குடி" என்பார்.

"என்ன இது, ஒரு மாதிரிக் கயர்க்குது?"

"இஞ்சிக்காரம். கதைக்காமக் குடி."

குடித்து முடிக்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கரைக்குப் போவார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ஒன்று ஆக்கித் தந்தது அதுதான் முதல். கயர்த்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஆனால் கிளினிக்குக்குப் போகப் போக இரத்தம் இறங்கவில்லை. எடுத்தால் கொஞ்சம் இறங்கும், அடுத்த முறை போனால் திரும்பவும் ஏறி நிற்கும். டொக்டர் பிள்ளை நெற்றியைச் சுருக்கினார். இரும்புச்சத்தையும் பார்த்தார்கள், குறைந்திருக்கவேண்டியது குறையவில்லை.

"அம்மா, இரும்புக் குளிசை, நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"

"இல்லை."

"மலம் கறுப்பாப் போகுதா?"

பக்கத்தில் மகள், பின்னால் இவர், கதவடியில் அடுத்த ஆள். நான் குனிந்துகொண்டு இல்லை என்றேன். உண்மையில் தார் மாதிரிக் கறுப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை அத்தனை பேருக்கு முன் எப்படிச் சொல்வது? இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், டொக்டர் கேட்டால் வெட்கத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் காரணம் இல்லாமல் கேட்பதில்லை.

அடுத்த முறையும் இறங்காதபடியால் வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம், துணியைப் பிடிக்கத் தந்தாரே, அந்த மிஸ் தனியாக வந்தார். அவரின் காதுக்குள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நேரே டொக்டரிடம் போனார்.

மலம் கறுத்தால் வயிற்றுக்குள் இரத்தம் ஒழுகுகிறதோ என்று பயப்படவேண்டும். அஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும். ஆகவே உடனே அஸ்பிரினை நிற்பாட்டினார்கள்.

"ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை" என்றார் டொக்டர் பிள்ளை. "இரத்தம் ஒழுகினால் குறையவேணும். உங்களுக்கு ஏறுது. எதுக்கும் ரெண்டு மூண்டு நாளில வாயால குழாய் விட்டு வயித்தைப் பாப்பம்."

அஸ்பிரின் நின்ற பிறகு விரல் திரும்பவும் எரியத் தொடங்கியது. கறுப்பு நகத்தைத் தாண்டி மேலே வந்தது. அதைப் பார்க்க வேறொரு டொக்டரும் வந்து, பேனையால் ஒரு கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டினால் விரலை எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று தங்களுக்குள் கதைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். விரல் இல்லாமல் மணலில் எப்படி நடப்பது என்று யோசித்துப் பார்த்தேன்.

அடுத்த கட்டிலில் நறுவிலிக்குளத்து இராசம்மா இருந்தா. வயல்காரர். என்னை விடக் கொஞ்சம் இளமை. அவவுக்கு இரத்தம் மிகவும் குறைவு, சுண்ணாம்பு மாதிரி வெளிறிப்போய் இருந்தா. அவவுக்கு ஏற்றுகிறார்கள், எனக்கு எடுக்கிறார்கள்.

"அக்கா, உங்கட கட்டிலுக்கும் என்ர கட்டிலுக்கும் நடுவில ஒரு குழாயைப் போட்டுவிட்டால் ரெண்டு பேருக்கும் சுகம். இந்த மிஸ்மாருக்கும் வேலை மிச்சம்" என்றா.

"ஓம், வாய்க்கால் வெட்டினமாதிரி" என்றேன்.

"வாய்க்கால் எண்டால் எங்கட ஊர் ஆக்களைக் கூப்பிடவேணும். கடற்கரை ஆக்களுக்கு வெட்டத் தெரியாது."

விரல் எரிந்துகொண்டிருந்தாலும் சிரித்தேன்.

இவர் யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பார்க்க ஆட்களை விடுகிற நேரமெல்லாம் வருவார். கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல், அதற்குள் அந்தப் பீட்ரூட். அங்கேயும் விடவில்லை. குழாய் விடுவதற்கு முதல் நாள் பகலும் வந்து, மூடியில் ஊற்றி என் கையில் தந்தார். அப்போது டொக்டர் பிள்ளை மிஸ்ஸோடு வந்து, நாளைக்குக் குழாய் விடுவதைப் பற்றி எனக்குச் சொல்லத் தொடங்கினார். தொண்டையை விறைக்கப் பண்ணுவார்கள், கறுத்த நீளக் குழாய், நுனியில் கமரா இருக்கும், கொஞ்சம் ஓங்காளித்து வாந்தி வருவது போல இருக்கும், பயப்படவேண்டாம். வயிற்றில் புண் இருந்தால் அஸ்பிரின் தரமுடியாது. தராவிட்டால் விரலுக்கு என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லமுடியாது.

"டொக்டர்" என்றார் இவர்.

டொக்டர் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"குழாய் விடாதேங்கோ."

"ஐயா, அது நோகாது, கொஞ்ச நேரம்தான்..."

"அவவுக்கு வயித்தில ஒண்டும் இல்லை. அது என்ர வேலை." சாரத்து மடியைத் தடவி ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பாதி முடிந்திருந்தது. "இது அதுக்குள்ள ஊத்திறனான். ஒவ்வொரு நாளும்."

டொக்டர் பிள்ளை போத்தலைத் திருப்பி வாசித்தார். இரும்புச்சத்து மருந்து. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இரத்தம் குறைந்தவர்களுக்கும் கொடுக்கிறது. இரும்பு எடுத்தால் மலம் கறுப்பாகத்தான் போகுமாம்.

"எப்ப துவங்கி ஐயா?"

"முதல் முதல் ரத்தம் எடுத்தீங்களே, அண்டைக்கே வாங்கிட்டன். நீங்கள் எடுக்க எடுக்க நான் ஊத்தினன்." இவர் சாரத்துத் தலைப்பைக் கையில் முறுக்கினார். "போன கிளினிக்கில நீங்கள் இரும்பு எண்டு கேட்டவுடன எனக்கு நெஞ்சு திக்கெண்டது. ஆனா நிப்பாட்டினால் ரத்தம் முடிஞ்சு போயிடுவாளோ எண்டு பயம். இவள் மகளைப் பெத்து, ரத்தம் போய், வெள்ளைத் துணி மாதிரிக் கிடந்தவள். சண்டைக் காலம், பாதை பூட்டு, ரத்தம் இல்லை. நான் பக்கத்தில இருந்து பாத்தனான். திரும்ப ஒருக்கா என்னால பாக்கேலாது டொக்டர்."

எனக்கு அந்தப் பிள்ளைப்பேறு ஞாபகம் இல்லை, மயக்கத்தில் கிடந்தேன். அவர் அதை இவ்வளவு காலமும் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் சொன்னதில்லை.

டொக்டர் பிள்ளை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்து இவரை இருக்கச் சொன்னார். "ஐயா, அண்டைக்கு இந்த மருந்து கிடைச்சிருந்தால் அம்மாவுக்கு உதவியிருக்கும். நல்ல மருந்துதான் வாங்கினீங்கள். இண்டைக்கு அம்மாவின்ர வருத்தம் வேற. நாங்கள் வள்ளத்தை அப்புறப்படுத்துறம், நீங்கள் பின்னால நிண்டு புது வள்ளம் கட்டி விடுறீங்கள்."

இராசம்மா அந்தப் பக்கம் இருந்து, "அண்ணை, அந்தப் போத்தலை இங்கால உருட்டிவிடுங்கோ. எனக்குத்தான் அது" என்றா. மிஸ் சிரித்தார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நாலு பேருக்கு முன் இவருடைய கையை நான் ஒரு நாளும் பிடித்ததில்லை, கோயிலில் தாலி கட்டின நாள் தவிர. அன்றைக்குப் பிடித்தேன். விடவில்லை. இராசம்மா பார்த்தா, பார்க்கட்டும் என்று இருந்தேன். சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் இருந்ததை மிஸ் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் ஊற்றினார்.

டொக்டர் பிள்ளை உடனே நம்பிவிடவும் இல்லை. மலத்தைச் சோதிக்க அனுப்பினார், இரத்தம் இல்லை என்று வந்தது. சில நாளில் நிறமும் மாறியது. இந்த முறை மிஸ் கேட்டபோது நான் வெட்கப்படாமல் சொன்னேன். குழாய் விடவில்லை. அஸ்பிரின் திரும்பத் தந்தார்கள், அன்றைக்கே எரிவு தணிந்தது. பேனைக்கோட்டுக்குக் கிட்ட வந்த கறுப்பு அங்கேயே நின்றது. கொழும்பிலிருந்து ஜீன் மாறியிருக்கிறது என்று முடிவும் வந்தது. அதற்குப் பிறகு, மச்சையை அடக்குகிற ஒரு குளிசை தொடங்கினார்கள், அது நாளாந்தம், சாகும் வரைக்கும். இரத்தமும் எடுத்தார்கள். இந்த முறை அது இறங்கினது இறங்கினபடியே நின்றது. நாற்பத்தைந்துக்குக் கீழே வந்த அன்று டொக்டர் பிள்ளை தாளை இவரிடம்தான் முதலில் காட்டினார்.

விரலில் தோல் உரிந்து நகமும் விழுந்தது. பார்க்க வடிவில்லை. ஆனால் விரல் இருக்கிறது. மணலில் நடக்கிறேன்.

வருத்தம் போய்விடவில்லை, போகவும் மாட்டாது. குளித்தால் இப்போதும் கொஞ்சம் கடிக்கும். கிளினிக்குக்குப் போய் இரத்தம் பார்க்கவேண்டும். சிலவேளை ஒரு பை எடுக்கவும் வேண்டும். இப்போது அதற்கு இவர் வெளியே போவதில்லை. கட்டிலடியில் கதிரையைப் போட்டு, பையை நேரே பார்த்துக்கொண்டு, என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். வியர்த்து ஓடும். ஆனாலும் எழும்பமாட்டார்.

இவருடைய விஷயத்தை எழுதுவதா விடுவதா என்று நான் தயங்கினேன். வாசித்துக் காட்டினேன். "எழுது. என்னை மாதிரி இன்னும் எத்தினை பேர் போத்தலை மடியில வைச்சுக்கொண்டு திரியினமோ" என்றார். வருத்தக்காரருக்கு மட்டும் சொல்லாமல், வீட்டில் ஆக்கிக் கொடுக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார்.

மிஸ், இதை ஆட்களுக்குக் கொடுக்க முன்னம் தயவுசெய்து டொக்டர் பிள்ளையிடம் காட்டுங்கோ. மச்சை, ஜீன், நாற்பத்தைந்து எல்லாம் நான் கேட்டு விளங்கின மாதிரி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கோ. முக்கியமாக இரும்பு மருந்தைப் பற்றி எழுதின இடம். அது எனக்குத்தான் கூடாது. இராசம்மா மாதிரி இரத்தம் குறைந்த ஒருத்தியோ, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தியோ, என் எழுத்தை வாசித்துவிட்டு அதை நிற்பாட்டிவிடக் கூடாது. நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. அந்த இடத்தை மட்டுமாவது இரண்டு தரம் பாருங்கோ.